ஒரே வாரத்தில் மங்கு மறைந்ததா? டியூபைத் திருப்பிப் படியுங்கள்

மங்கு விழுந்த முகத்தை வைத்து நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஏமாந்தவர்கள் கையில் இருக்கும் டியூபும் டப்பாவும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். நாள் கணக்கு மட்டும் அவ்வளவாக மாறாது.

கன்னத்து மேட்டில் பழுப்புத் திட்டு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில். நெற்றியிலும் மேலுதட்டிலும் கொஞ்சம். போய்க் காட்டினால் ஒரு டியூபை எடுத்துத் தருகிறார்கள். "ராத்திரி போட்டுட்டுப் படுங்க, ஒரு வாரத்துல வித்தியாசம் தெரியும்." சொன்னது பொய்யில்லை. நான்கைந்து நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிடும், கூடவே இருந்த பருவும் அமுங்கிவிடும். பார்க்கிறவர்கள் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள், டியூப் இன்னும் நாலு பேர் கைக்குப் போகும்.

ஆறு வாரம், எட்டு வாரம் தாண்டும்போது தோலில் ஒரு கண்ணாடிப் பளபளப்பு வரும். பலர் அதை நிறம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தோல் மெலிந்ததன் பளபளப்பு. கன்னத்தில் சிவப்பு நூல் இழைத்த மாதிரி நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரியும். தாடை ஓரத்தில் பூனை முடி அடர்த்தியாகும். ஒரே அளவில், ஒரே உருவில் சின்னச் சின்னப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே எரியும்.

சரி, நிறுத்திப் பார்ப்போம் என்று நிறுத்தினால் அடுத்த சில நாட்களில் முகம் சிவந்து தகிக்கும், சீழ்க் கொப்புளம் வரும், மங்கு பழையதைவிடக் கருத்துத் திரும்பும். பயந்து மறுபடி அதே க்ரீமைத் தடவினால் இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிடும். "பார்த்தியா, க்ரீமை விட்டதுதான் தப்பு" என்று தோன்றும். பொறி இந்த இடத்தில்தான் மூடுகிறது. வருடக்கணக்கில் அந்த டியூபை விட முடியாமல் இருப்பவர்கள் உண்டு.

டியூபுக்குள் இருப்பது வீரியமான ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் தோல் வெளுத்துத் தெரிகிறது. அழற்சியை அடக்கி, நிறமி உண்டாக்கும் செல்களையும் மந்தப்படுத்துகிறது. அந்தச் செல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. மேல்தோல் அடியிலிருந்து புதுப்பித்து மேலே வரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதில் தேங்கிய நிறமி ஒரு வாரத்தில் காணாமல் போக வழியே இல்லை. ஒழுங்கான சிகிச்சையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே, வேகம்தான் முதல் அபாய அறிகுறி.

டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், ட்ரையாம்சினோலோன்: இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் இருந்தால் முகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அது இருப்பதிலேயே வீரியமான வகை.

இதற்காக ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கண்டதும் ஓடவும் வேண்டாம். மங்குக்கு நன்கு ஆராயப்பட்ட மருந்தே மூன்று பொருள் கலந்த க்ரீம்தான்: நிறமி உண்டாவதைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் இருவரும் வெளியிட்ட கலவையிலிருந்து வந்த வழி இது. அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்ற கலவையில் ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினாயின் 0.05%, ஃப்ளூசினோலோன் அசிட்டோனைடு 0.01%. அனுமதி எட்டு வாரம் வரையிலான குறுகிய கால உபயோகத்துக்கு. 0.01% ஃப்ளூசினோலோன் மென்மையானது. அதே "ட்ரிப்பிள்" என்ற பெயரில் 0.1% மொமெட்டசோன் போட்ட கலவையும் கிடைக்கிறது, அதன் வீரியம் இதைவிட மேலே. பெயர் ஒன்று, பண்டம் வேறு. மருந்துச் சீட்டில் "ட்ரிப்பிள் க்ரீம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஸ்டீராய்டு, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதி இல்லாத சீட்டுதான் பாதி பேரை மாட்டிவிடுகிறது.

போடும் முறையிலும் கெடுகிறது. பட்டாணி அளவு, இரவில் மட்டும், திட்டின் மேல் மட்டும், முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு. ஈரத்தோடு போட்டால் ட்ரெட்டினாயின் எரிக்கும். அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும், அதைப் பார்த்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் ஆசிட்டும் சன்ஸ்கிரீனும் போதும். கர்ப்பத்தில் வந்த மங்கு சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானே மங்கிவிடும்.

ஹைட்ரோகுவினோனுக்கும் ஒரு காலக் கெடு உண்டு. நெடுங்காலம் நிறுத்தாமல் போட்டால் சிலருக்கு ஓக்ரோனோசிஸ் வரும். பழுப்புத் திட்டு இருந்த இடத்தில் நீலம் கலந்த சாம்பல் கறுப்பு, கிட்டே பார்த்தால் கடுகு தூவியது போலப் பொடிப் பொடி மேடு. கறுப்பு கூடுகிறதே என்று க்ரீமைக் கூட்டினால் அது இன்னும் கூடும். இதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடப் பெரும்பாடு. இன்னொன்று, வெள்ளையாக வாங்கிய ஹைட்ரோகுவினோன் க்ரீம் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம். காசு கொடுத்ததாச்சே என்று போடாதீர்கள்.

லேபிளே இல்லாத டப்பா, அல்லது உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லாத லேபிள்: இங்கே பயம் பாதரசம். மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு, காலோமெல், அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற பெயர்களில் இருக்கும். பல நேரம் பெயரே போட மாட்டார்கள். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை ஒரு முக க்ரீமில் ஏன் இருக்க வேண்டும்? பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும், அதனால்தான். இது தோலோடு நிற்பதும் இல்லை. சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரில் அடங்காத நுரை, காலில் வீக்கம், கண்ணைச் சுற்றி உப்பல் இருந்தால் தோல் மருத்துவரோடு நிற்காமல் பொது மருத்துவரிடம் போய், க்ரீமையும் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். தலையணை உறை, துண்டு, கை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பது என்று முடிவெடுத்தன. ஆனாலும் விற்பவன் விற்கிறான்.

அடுத்த வகை, குளிர்சாதன அறையில் நடப்பது. முதல் நாளே பத்து சிட்டிங் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. "மேடம், லேசர்ல வேரோட போயிடும்." மங்குக்கு வேர் எதுவும் கிடையாது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஹார்மோனுக்கும் துள்ளிக் குதிக்கும் செல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். லேசர் என்பது சூடு. சூடு கூடினால் அழற்சி, அழற்சி வந்தால் நிறமி. சில சிட்டிங் வரை வெளுத்து, நிறுத்தியதும் முன்பைவிடக் கருப்பது ஒரு விபத்து. வாரா வாரம் செய்துகொண்டே போனால் அரிசி மணி அளவில் வெள்ளைப் பொட்டுகள் தெளித்தாற்போல விழுவது இன்னொன்று. அந்த வெள்ளை சிலருக்குத் திரும்பி நிறம் வருவதே இல்லை. மாநிறம், கறுப்புத் தோலில், லேசருக்குப் பதில் பலமான ஒளியைத் துடிப்பாகப் பாய்ச்சும் ஐ.பி.எல். இயந்திரம் இன்னும் ஆபத்து.

மங்குக்கு ஓரளவு ஒத்துவருவது குறைந்த சக்தியில் ஓட்டும் 1064 நானோமீட்டர் அலைநீள க்யூ ஸ்விட்ச்டு என்டி யாக் என்ற லேசர். அதுவும் க்ரீமும் சன்ஸ்கிரீனும் சரியாகப் போட்டு மாதக்கணக்கில் பலன் இல்லாதபோது, துணைச் சிகிச்சையாக மட்டும். எந்த இயந்திரம், எத்தனை நானோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல், ஸ்பாட் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு சிட்டிங்குக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம். காது ஓரம் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் பொறுக்கச் சொல்கிறவர் பேக்கேஜ் விற்கிறவரைவிட நம்பத் தகுந்தவர்.

ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் பீலும் இதே கணக்குதான். முதல் தடவையே அடர் கிளைகோலிக் ஆசிட்டை வைத்து, எரிகிறது என்று சொல்லியும் "எரிஞ்சாதான் வேலை செய்யுது" என்று விட்டால் அந்தத் திட்டின் உருவத்திலேயே தழும்புக் கறுப்பு நிற்கும். குறைந்த அடர்த்தியில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளி விட வேண்டும். சில நாள் முன்பே ட்ரெட்டினாயினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினீர்களா என்று கேட்காமலேயே பீல் பிரஷ்ஷை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குளூட்டாத்தியோன் ட்ரிப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நரம்பில் ஏற்றினால் மங்கு போகும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, கடும் ஒவ்வாமை வரும் அபாயம் உண்டு.

ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை அப்படியில்லை, நிஜமாகவே வேலை செய்யும். வழக்கமாக 250 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இதில் மோசடி மாத்திரையில் இல்லை, கேள்வி கேட்காமல் தருவதில் இருக்கிறது. இது ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படும் மருந்து, ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உங்களுக்கோ குடும்பத்திலோ உண்டா, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா, புகைப்பழக்கம், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்காமல் எழுதினால் நீங்களே சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரையே மங்கைக் கிளப்பிவிடும் என்பதால் அந்தக் கேள்விக்கு இரட்டை அவசியம். மாத்திரை போடும் நாட்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இது மங்குதானா? ஹேர் டை, வாசனைப் பூச்சு ஒத்துக்கொள்ளாமல் வரும் சாம்பல் கறுப்பு நெற்றி ஓரத்திலும் காது பக்கமும் கழுத்திலும் படரும். காரணமான பொருளை நிறுத்தாமல் எத்தனை க்ரீம் போட்டாலும் வீண். லைக்கன் ப்ளேனஸ் பிக்மென்டோசஸ் என்று ஒன்று உண்டு, சாம்பல் நிறத்தில் கழுத்து வரை இறங்கும். கன்னப்பொட்டிலும் நெற்றியோரத்திலும் கழுத்து மடிப்பிலும் வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு இருந்தால் அது இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்தது, சர்க்கரை பார்க்க வேண்டும். மங்குக்கு மேற்பரப்பு தடிக்காது, செதில் உதிராது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்தோ, புற ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கிலோ பார்க்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே மருந்து எழுதியிருந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சன்ஸ்கிரீன் பற்றிய அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாதிதான் தெரியும். மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான், குறிப்பாக நீல ஒளி. சாதாரண வெளிர் சன்ஸ்கிரீன் அதைப் போதுமான அளவு தடுக்காது. லேபிளில் அயர்ன் ஆக்சைடு உள்ள, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் வகை வேண்டும், எஸ்.பி.எஃப். 50. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பொட்டு மாதிரி ஐந்து இடத்தில் வைத்துத் தேய்த்தால் லேபிளில் போட்ட பாதுகாப்பு கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யு.வி.ஏ.வை உள்ளே விட்டுவிடும் என்பதால் கார், ஜன்னலோர இருக்கையும் வெளியில் இருப்பதாகவே கணக்கு. இதை விசாரிக்காமல் லேசர் விற்பவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீமில் மாட்டியிருப்பவர்களுக்கு: மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாகப் படக்கென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா, உடனே விட்டு டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத களிம்புக்குப் போவதா என்பதை எத்தனை நாள், எந்த வீரியம் என்று பார்த்து முடிவு செய்வார்கள். சீழ்க் கொப்புளத்துக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். எரிச்சல் அடங்கும் வரை மென்மையான க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், எரியாத சன்ஸ்கிரீன் மட்டும். வைட்டமின் சி, ஆசிட், ரெட்டினாயிடு, ஸ்க்ரப், ஃபேஷியல் எல்லாம் அப்புறம். வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். இடையில் மங்கு கருத்துத் தெரியும். அதைத் தாண்டாமல் மங்கு சிகிச்சையைத் தொடங்க முடியாது.

பழைய டியூபை உடனே தூக்கி எறியாதீர்கள். அட்டைப்பெட்டி, பில், டியூபின் அடியில் மடித்து நசுக்கிய விளிம்பில் குத்தியிருக்கும் பேட்ச் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மருத்துவருக்கும் அதுதான் வேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதவும் அதுதான் வேண்டும். பாதரசச் சந்தேகம் உள்ள டப்பாவை இறுக மூடி, ஜிப் பையில் போட்டு, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவி வாஷ்பேசினில் ஊற்றக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று புகார் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.