லினக்ஸ் கர்னலோட 5 லெவல் பேஜிங், மூணு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

புதுசா ஒரு சர்வர் கைக்கு வந்துச்சு, சிபியூ விவரம் இருக்க சிபியூஇன்ஃபோ ஃபைல திறந்து பாத்தா ஃப்ளாக் வரிசைல எல்ஏ57னு (5 லெவல் பேஜிங் இருக்குன்னு அர்த்தம்) இருக்கு, சரி இவ்ளோ நாள் காதால மட்டும் கேட்ட அஞ்சாவது லெவல் நம்ம மெஷின்லயே ஓடுதேன்னு மூணு வாரம் அதையே நோண்டிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஒரு ப்ராசஸ் கேக்குற அட்ரஸ் ராம்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க சிபியூ ஒரு டேபிள்லேருந்து இன்னொரு டேபிளுக்குப் படி இறங்கிப் போகும். ஒரு டேபிளுக்கு 512 என்ட்ரி, அதாவது லெவலுக்கு 9 பிட், கடைசில பேஜுக்குள்ள (மெமரிய வெட்டுற 4 கேபி துண்டுதான் பேஜ்) 12 பிட். 4 லெவல்னா மொத்தம் 48 பிட், 256 டெராபைட், அதுல பாதி கர்னல் எடுத்துக்கும். அஞ்சாவது சேந்தா 57 பிட், 128 பெட்டாபைட், அப்படியே 512 மடங்கு. ராம் பக்கம் லினக்ஸ்ல 64 டெராபைட்னு இருந்த லிமிட் 4 பெட்டாபைட்டுக்குப் போகுது. ரெண்டு பேர் இருக்க அஞ்சு மாடி கட்டின மாதிரிதான், என் மெஷின்ல ராம் 2 டெராபைட் கூட இல்ல 😅

ஆனா 32 பிட் காலத்துல கர்னல் நேரா தொட முடியுற 896 எம்பி லோமெம் தீந்து போய், ராம் நெறைய சும்மா கிடக்க மெஷின் திணறுறத பாத்தவங்களுக்குத் தெரியும், லிமிட் முட்டுறதுக்கு முன்னாடியே இடம் பண்ணி வைக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதை உள்ள கொண்டு வந்த விதம். 2017ல 4.14ல வந்தப்போ கம்பைல் பண்ணும்போதே முடிவு பண்ணணும், 5 லெவல் கர்னல் பழைய சிபியூல பூட்டே ஆகாது. அப்புறம் 4.17ல பூட் ஆகும்போது பாத்து முடிவு பண்ற மாதிரி மாத்துனாங்க, சிபியூல இல்லன்னா நடுவுல புதுசா சேத்த பி4டிங்கிற லெவல் இல்லாத மாதிரி மடிஞ்சிடும், ஒரே கர்னல் ரெண்டுலயும் ஓடும். அதை விட இன்னொண்ணு, அட்ரஸ வச்சிருக்க பாயின்டரோட மேல் பிட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கும்னு நம்பி அதுல டேக் (சின்னக் குறிப்பு) ஒளிச்சு வைக்கிற ஜிட் கம்பைலர்லாம் (புரோகிராம் ஓடும்போதே மெஷின் கோடா மாத்துறது) இருக்கே, அதெல்லாம் உடையக் கூடாதுன்னு கர்னல் 47 பிட்டுக்கு மேல தானா அட்ரஸ் தராது, எம்மேப்ல (கர்னல்கிட்ட மெமரி கேக்குற வழி) அதுக்கும் மேல ஒரு அட்ரஸ ஹின்ட்டா குடுத்துக் கேட்டாத்தான் தரும். என்கிட்ட ஒரு பழைய புரோகிராம் கூட மக்கர் பண்ணல.

ஸ்பீடு? 5 லெவல ஆஃப் பண்ற நோ5எல்விஎல்ங்கிற பூட் ஆப்ஷன் போட்டு ஒரு தடவ, போடாம ஒரு தடவ பூட் பண்ணிப் பாத்தேன், என் வேலைக்கு வித்தியாசமே கண்ணுல படல. மேல் லெவல் என்ட்ரியெல்லாம் சிபியூவே கேஷ் பண்ணி வச்சுக்குறதால டிஎல்பி (ஏற்கனவே கண்டுபிடிச்ச அட்ரஸ சிபியூ வச்சிருக்க கேஷ்) மிஸ் ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உச்சிலேருந்து இறங்கத் தேவையில்ல. விர்ச்சுவல் மெஷின்லதான் கொஞ்சம் யோசிக்கணும், கெஸ்ட் (உள்ள ஓடுற மெஷின்), ஹோஸ்ட் (அத ஓட்டுற நிஜ மெஷின்) ரெண்டும் 4 லெவல்னா ஒரு மிஸ்ஸுக்கு மோசமான கேஸ்ல 24 மெமரி ரெஃபரன்ஸ், ரெண்டும் 5ன்னா 35.

குறைன்னு சொல்லணும்னா, இது நம்ம நிஜத் தலைவலியத் தொடவே இல்ல. எனக்கு வலிச்சது டேபிளோட ஆழம் இல்லீங்க, அகலம். 4 கேபி பேஜ்ல 1 டெராபைட் மேப் பண்ண கடைசி லெவல் டேபிள் மட்டும் 2 ஜிபி புடிக்கும், டேட்டாபேஸ்ல அந்த ஷேர்டு மெமரிய 100 ப்ராசஸ் முழுசாத் தொட்டுச்சுன்னா ஆளுக்கு 2 ஜிபி, மொத்தம் 200 ஜிபி வெறும் டேபிளுக்கே போய்டும். நான் இதுல ஒரு ராத்திரி மாட்டிட்டு ராம் எங்கடா போச்சுன்னு தேடிட்டு இருந்தேன், மெமரி கணக்கு காட்டுற மெம்இன்ஃபோல பேஜ்டேபிள்ஸ் வரிய விடியக்காலைலதான் பாத்தேன். அதே 1 டெராபைட்ட 2 எம்பி ஹியூஜ் பேஜ்ல போட்டா ஒரு ப்ராசஸுக்கு 4 எம்பிதான், இறங்குறதுலயும் ஒரு படி மிச்சம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். நோ5எல்விஎல்ல பூட் செட்டிங் இருக்க க்ரப்லேருந்து எடுத்துட்டேன், ஹியூஜ் பேஜ் லைன் மட்டும் அங்கயே இருக்கு.