மனநல உதவிக்கு ஜிப்மரா, தனியார் ஆலோசகரா?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். ஆனால் மருந்து தேவையா என்று முடிவு செய்ய அங்கே டாக்டர் இருக்கிறார், செலவும் குறைவு.

தனியாரிடம் நிதானமாகப் பேசலாம். என் தங்கை முதல் நாள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். 40 நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தாள். அந்தப் பொறுமைக்குக் காசு கொடுக்கலாம். அப்புறம், ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் முதலில் ஜிப்மர்தான் என்பேன். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லையா? அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.