முட்டம் கடற்காற்றில் ஒன்பது கோடை: கிளம்ப மறுத்த ஏசியும் நானும்

எங்கள் வீடு முட்டத்தில் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் கலங்கரை விளக்கம் தெரியும்; காயப்போட்ட துணியில் மாலைக்குள் உப்புப் பிசுபிசுப்பு ஏறிவிடும். 2016 ஏப்ரலில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்று வாங்கினேன். இன்வெர்ட்டர் வகை அல்ல, பழைய பாணி கம்ப்ரசர். குளிரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கிளம்புவதில்தான் வம்பு.

முதல் தடவையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து வந்த மெக்கானிக் ரிமோட்டுக்கு இரண்டு பேட்டரி மாற்றி, டீயும் குடித்து, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ரிமோட்டை முதலில் கைபேசிக் கேமராவுக்கு முன் நீட்டி அழுத்திப் பார்க்கிறேன். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுங்கினால் ரிமோட் மேல் பழியில்லை.

இரண்டாவது தடவை, 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து, பல நாள் இருட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பியபோது. பகலில் ஓடும் ஏசி இரவில் கிளம்பாது. 'உம்' என்று ஒரு முனகல், விளக்கு மங்கும், 'டிக்' என்று அடங்கிவிடும். வந்தவர் வெளி யூனிட்டைத் திறக்கும் முன்பே, "கேஸ் போயிருக்கும்" என்றார். அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் மாமா ஒருவர் இருக்கிறார். மல்டிமீட்டரோடு இரவு எட்டு மணிக்கு வந்தார். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 178.

"மக்களே, கேஸ் குறைந்தால் காற்று குளிராது. உன்னுடைய சாதா மாடலில் அதற்காகக் கம்ப்ரசர் கிளம்பாமல் இருக்காது. இதற்குத் தூக்கிவிட ஆள் இல்லை" என்றார். கம்ப்ரசர் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைப் போல ஐந்தாறு மடங்கைக் கிளம்பும் அந்த நொடியில் கேட்கும். எங்கள் வீட்டில் அதற்குப் போட்டிருந்ததோ 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். இருந்த கொஞ்ச வோல்ட்டும் வழியிலேயே கரைந்திருக்கிறது. போர்டில் இருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, ஸ்டெபிலைசரும் வைத்த பிறகு அந்த முனகல் நின்றது.

ஸ்டெபிலைசர் வந்ததும் புது வம்பு: போட்டவுடன் ஓடவில்லை என்று அம்மா திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவார். அணைந்த கம்ப்ரசருக்குள் இரு பக்க அழுத்தமும் சமமாவதற்கு மூன்று நிமிடம் வேண்டும்; அதற்காகவே ஸ்டெபிலைசரும் ஏசியும் காக்க வைக்கின்றன. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும். இப்போது அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டு ஜெபமாலையில் இரண்டு பத்து மணி சொல்கிறார். அதற்குள் ஏசி ஓடத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது, 2020 மே. வெளி யூனிட்டின் விசிறி சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் முனகி முனகி நிற்கிறது. மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. இந்த முறை வந்தவர் கேஸில் தொடங்கி, கம்ப்ரசரே போய்விட்டது என்பதில் முடித்தார். மாமா மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும், பால் டப்பா போன்ற கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் பணியாரம் போல உப்பியிருந்தது. மேலே அச்சிட்டிருந்தது 50 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 34. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. மின்சாரத்தை அணைத்த பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே இதில் மட்டும் நான் கை வைப்பதில்லை. யாரும் வைக்க வேண்டாம்.

நான்காவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. 2022 ஆடிக் காற்றில் மேற்குச் சுவர் முழுக்க உப்புச் சாரல். கம்ப்ரசருக்குப் போகும் வயரின் முனையில் பச்சைக் களிம்பு பூத்து, பக்கத்து உறை சூட்டில் கருகியிருந்தது. விரலால் தொட்டதும் முனை உதிர்ந்தது. வயரை நறுக்கிப் புது முனை போட்டோம், யூனிட்டையும் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். குழாய் நீண்டதால் அன்று முதல்முறையாக உண்மையிலேயே கேஸ் ஏற்ற வேண்டி வந்தது. இப்போது மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் வெளிச்சுருளைக் கழுவுகிறேன்.

இன்வெர்ட்டருக்கு மாறலாமே என்று குளச்சல் அத்தான் சொல்கிறார். அது மெல்லக் கிளம்பும், கிளம்பும்போது அதிக மின்சாரம் கேட்காது, உண்மைதான். ஆனால் அவர் வீட்டு இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு உப்பரித்து இரண்டு முறை போயிற்று. ஒவ்வொரு முறையும் ஆன செலவில் எனக்குக் கெப்பாசிட்டர் பெட்டி நிறைய வாங்கலாம். இப்போதைக்கு அலமாரியில் ஒன்று தயாராக இருக்கிறது, 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்.