கரும்புக்காட்டில் நான்கு ஆண்டுகள்: 77 மி.மீ. போலரைசர் பில்டர், மொரீசியஸ்

மொரீசியஸ் நிலக்காட்சி எடுப்பவர் பையில் ஒரே ஒரு பில்டருக்குத்தான் இடம் என்றால், அது போலரைசராக, அதாவது லென்ஸின் முன் மாட்டித் திருப்பினால் பிரதிபலிப்பை அடக்கும் கண்ணாடியாக, இருக்கட்டும். வானத்தை நீலமாக்க அல்ல, கல்லைக் காட்ட. எரிமலைப் பாறை மண்டிய இந்த நிலத்தைக் கரும்புக்காகத் திருத்தியபோது பொறுக்கிப் போட்ட கற்கள் இன்றும் வயல் நடுவே குன்று குன்றாக நிற்கின்றன. 1834 முதல் கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பும் அதில் அடக்கம். அவர்களில் தமிழரும் உண்டு. வெயிலில் கரும்புத் தோகை வெள்ளையாய் மினுங்கி அந்தக் குவியலை விழுங்கிவிடும். பில்டரைத் திருப்பியதும் மினுக்கம் அடங்கி, தோகை பச்சையாகவும் கல் கருப்பாகவும் பிரிந்து நிற்கும். மழை விட்டவுடன் எடுத்தால் இன்னும் துலக்கம்.

ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் வானம் அதிகம் கருக்கும். 24 மி.மீ.க்குக் குறைந்த அகலக்கோண லென்ஸில் வானத்தின் நடுவே கருந்திட்டு விழும். 35 முதல் 50 மி.மீ. வரை பாதுகாப்பு. பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதாக இருந்தால் பில்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஒளி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). இதுதான் பெரிய தொல்லை. குளிர்காலத் தென்கிழக்குக் காற்றில் தோகை ஓயாமல் ஆடும். காலை வெயிலில் லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100இல் 1/200 நொடி ஷட்டர் வேகம் கிடைத்த இடத்தில், பில்டர் போட்டால் 1/60தான். கரும்புப் பூ முழுக்கக் கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றினால் 1/250 வரும்.

கடலோரத்தில் 'பராஷ்வா' என்னும் பழைய மீன் தடுப்புக் கற்சுவர்கள் நீருக்குள் தெரிவதும் இந்தப் பில்டரால்தான். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பு மிக நன்றாக அறுபடும். தண்ணீரோடு தண்ணீராகக் குனிந்து எடுத்தால் பயனில்லை.

உப்புக்காற்று பில்டரின் எதிரி. துணியால் நேரே துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் சுத்தமான நல்ல தண்ணீரில் அலசி, பிறகே துடைக்க வேண்டும். அலுமினிய வளையம் லென்ஸோடு இறுகிக்கொள்ளும். பித்தளை வளையம் கூடுதல் விலைக்குத் தகும். இறுகிவிட்டால் இரு விரலால் நெருக்காதீர்கள், வளையம் நெளிந்து இன்னும் பிடிக்கும். அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி, உள்ளங்கையால் சமமாகப் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும். ஈரப்பதம் அதிகமான மாதங்களில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். லென்ஸிலேயே விட்டுவைத்தால் இடையில் பூஞ்சை பிடிக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அறுவடை ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அறுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்து நிலத்தின் மாற்றத்தைக் காட்டுவதானால், ட்ரைபாட் உயரம், குவியத் தூரம், நிற்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு, பில்டர் இல்லாமலும் ஒரு படம் எடுங்கள். சூரியன் இடம் மாறும்போது போலரைசர் தரும் பச்சையும் மாறும். பயிர் வாடியதா, பில்டர் திரும்பியதா என்று பின்னால் பிரித்தறிய அந்த வெறும் படம்தான் உதவும்.