பின் ஆக்சில் வேலைக்கு 46,000 ரூபாயா? காங்கேயத்தில் கண்டது

ஒரே வண்டி, ஒரே சத்தம், மூன்று விலை. புறவழிச்சாலை ஓரத்துப் பட்டறையில் 46,000 ரூபாய் என்றார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அச்சடித்துக் கொடுத்த மதிப்பீடு 19,500. கடைசியில் காங்கேயத்தில் ஒரு பெரியவரின் பட்டறையில் வேலை முடிந்து நாங்கள் கொடுத்தது 6,420 ரூபாய். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன். ஊருக்கு வந்தால் வீட்டு வண்டியை நல்ல இடத்தில் காட்டிச் சரிசெய்துவிட்டுப் போகும் பொறுப்பு நம்மில் பலருக்கு வந்து சேர்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சீட்டில் விழும் எண் மாறுவதும் நடக்கிறது.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. சென்னிமலை சாலையில் அவருக்குத் தென்னந்தோப்பு; கொப்பரையைப் பெருந்துறை ஏலத்துக்கும், தேங்காயைக் காங்கேயத்துக் களங்களுக்கும் கொண்டுபோக ஒரு பிக்அப் வைத்திருக்கிறார். போலேரோ பிக்அப், டாடா ஏஸ், தோஸ்த் என்று கொங்குச் சாலைகளில் வரிசையாகப் போகும் வண்டிகளில் அதுவும் ஒன்று. தார்ச்சாலையில் ஓடுவது பாதி என்றால், கிளுவை வேலிக்கு நடுவே இட்டேரி என்ற மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போவது மீதிப் பாதி. மச்சான் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். ஆனால் பட்டையைக் கூட்டினால் ஸ்பிரிங் தாங்கும். உள்ளே இருக்கும் பேரிங் பழைய பேரிங்தானே? கூடுதல் பாரம் முழுவதும் அதன் தலையில் போய் இறங்குகிறது.

சத்தம் ஒரு ஊளை போல வந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. இங்கே ஒரு விஷயத்தை வண்டி வைத்திருப்பவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சான பின் ஆக்சிலில் ஊளை கேட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சக்கரத்துப் பேரிங், அல்லது நடுவே டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீலும் பினியனும். பேரிங் சத்தம் சக்கரம் உருளும் வேகத்தை மட்டுமே பார்க்கும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலும், நியூட்ரலில் விட்டாலும் அது நிற்காது. வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடலாம், குறையலாம். கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்ததும் வேறு குரல். முதலாவது சில ஆயிரத்தில் முடியும் வேலை. இரண்டாவது அதைப் போலப் பல மடங்கு. கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அளந்து பொருத்தத் தேர்ந்த கை வேண்டும். எனவே எந்தச் சத்தம் என்று முதலில் முடிவு செய்யாமல் விலை சொல்லும் எவரும் நியாயமான விலை சொல்ல முடியாது.

புறவழிச்சாலைப் பட்டறைக்காரர் சொன்னார். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார், இறங்கினார், எழுதினார். கிரவுன் பினியன் செட், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் இரண்டு, எல்லாப் பேரிங்கும், கூலி. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டின் அடியில் மொத்தத் தொகைக்கும் சேர்த்து 28 சதவீதம் வரி. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழுதுபார்க்கும் கூலிக்கு அதற்கு முன்பும் 18தான். அதுவும் ஜிஎஸ்டி பதிவு எண் உள்ளவர்கள்தான் வரி வசூலிக்கலாம். அந்தச் சீட்டில் எண்ணே இல்லை. எண் கொடுங்கள் என்று கேட்டேன். "பில் வேண்டாம் என்றால் வரி வேண்டாம்" என்று பதில் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சர்வீஸ் சென்டரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பீடு ஒழுங்காக இருந்தது: இரண்டு பக்கமும் பேரிங், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல், இடது பக்கம் ஷாஃப்ட், கூலி தனியாக, வரி தனியாக. பிரித்துப் பார்த்த பிறகு மாறலாம் என்றும் எழுதியிருந்தது. ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கொப்பரை காய்ந்து மூட்டையில் கிடக்கும்போது ஒரு வாரம் வண்டியை விட்டுவிட்டு நிற்க மச்சானால் முடியாது.

கொங்கு நாட்டில் வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்கு, திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு, கரூர் பஸ் பாடிக்கு என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட காலத்திலிருந்து இந்த மண்ணில் ஸ்பேனர் பிடித்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. இன்னொருவரிடம் காட்ட அரை நாள் போதும். அந்த அரை நாளைச் செலவிடத் தயங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

மச்சானின் பங்காளி ஒருவர் சொல்லித்தான் காங்கேயத்துப் பட்டறைக்குப் போனோம். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விலை கேட்டேன். "பிரிக்காமல் என்னால் சொல்ல முடியாது தம்பி. பிரித்துப் பார்க்க 500 ரூபாய். வேலையை இங்கேயே செய்தால் அது கூலியில் கழிந்துவிடும், வேறு இடத்துக்குக் கொண்டு போனால் 500 கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டு பின் சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். இடது சக்கரத்தைப் பையனைச் சுற்றச் சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே ஸ்பிரிங் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். நறநறவென்று ஒரு அதிர்வு பட்டை வழியாகக் கைக்கு ஏறியது. வலது பக்கம் அதே இடத்தில் கை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினார். ஆயிலை வடிக்கும் போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் மை போல ஏதோ ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலில் தேய்த்து வெயிலில் பிடித்துக் காட்டினார். "இப்படி மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். கையில் குத்துகிற மாதிரி மினுமினுவென்று செதில் வந்தால்தான் பல் போய்விட்டது என்று அர்த்தம். இதில் செதில் இல்லை. கிரவுனைத் தொட வேண்டாம்." 46,000 ரூபாய்ச் சீட்டில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கழன்றுவிட்டது.

இடது டிரம்மைக் கழற்றியபோது பிரேக் ஷூ முழுவதும் ஆயில். சீல் விட்டிருக்கிறது. சீல் ஏன் விட்டது என்றும் பார்த்தார். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே காற்று போக ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. அது இட்டேரி மண்ணால் இறுகி அடைத்துப்போயிருந்தது. ஓடி ஓடி ஆயில் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடும். போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புது சீலைப் போட்டுவிட்டு இந்த அடைப்பை விட்டிருந்தால் சில மாதத்தில் மறுபடியும் ஒழுகியிருக்கும். கம்பியால் குத்திப் பெட்ரோலால் கழுவி ஊதினார். அதற்குப் பில்லில் ஒரு பைசா இல்லை.

ஷாஃப்ட்டோடு பேரிங்கை உருவி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். எங்கள் வண்டியில் பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது காலர் என்ற ஒரு இரும்பு வளையம்தான். ஆக்சில் ஷாஃப்ட்டே பாரத்தையும் சுமக்கும் அமைப்பு இது; காலர் நழுவினால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும். அதனால் பேரிங் சத்தத்தை 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று விடக் கூடாது, கழற்றிய காலரை மறுபடியும் போடவும் கூடாது. கிரைண்டரில் காலரின் முதுகில் ஒரு கீறல் போட்டு, உளியை வைத்து ஒரே அடி, பிளந்துகொண்டது. அழுத்தித் தள்ளும் பிரஸ் இயந்திரத்தில் பேரிங் கழன்றதும் பெரியவர் ஷாஃப்ட்டைத் துடைத்து, பேரிங் உட்கார்ந்திருந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. மைக்ரோமீட்டர் வைத்தும் அளந்தார்கள். ஷாஃப்ட் நல்லதாக இருந்தது. இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் உள்ளேயே சுழன்று ஷாஃப்ட்டைத் தின்றிருக்கும். அப்போது ஷாஃப்ட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

பில் இதுதான். பேரிங் 1,450. காலர் 160. சீல் 220. கியர் ஆயில் இரண்டு லிட்டர் 840. பின் பிரேக் ஷூ செட் 1,150; ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவது உயிரோடு விளையாடுவது என்பதால் புதிது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும் என்பதால் செட்டாக. லேத் பட்டறைக்கு 400. கூலி 2,200. வலது பக்கப் பேரிங்கை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நாங்கள் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருப்போம் என்று அவருக்கும் தெரியும்.

எனக்கு உறுத்துவது அந்தக் கூலிதான். காலையிலிருந்து பொழுது சாயும் வரை இரண்டு பேர் உழைப்பு, நாற்பது ஆண்டு அனுபவம், 2,200 ரூபாய். நான் இருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பல ஒர்க்‌ஷாப்களில் ஒரு மணி நேரக் கூலியே 150 டாலருக்கு மேல். அங்கே கூலி பெரிது, அதனால் பாகத்தைத் தேவையில்லாமல் மாற்றச் சொல்பவர்களும் கூலிக்காகச் சொல்கிறார்கள். இங்கே நிலைமை நேர் எதிர். கூலியில் நூறு ரூபாய் குறை என்று நாம் நின்று வாதாடுகிறோம். பெட்டியில் வரும் பாகத்தின் விலையைக் கேட்காமல் கொடுத்துவிடுகிறோம். உழைப்புக்கு உரிய பணம் வராத பட்டறைக்காரர் பாகத்தில் பார்த்துக்கொள்கிறார். நல்லதாக இருக்கும் ஷாஃப்ட் மாறுவதும், கிரவுன் பினியன் பட்டியலில் ஏறுவதும் இப்படித்தான். கூலியைப் பேசி முடிவு செய்துகொண்டு அதைக் குறைக்காமல் கொடுங்கள். பாகம் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள். நான் கண்டவரை இதுதான் நியாயமான வழி.

கூலியில் ஆயிரம் சேர்த்துக் கொடுக்கலாம் என்றேன். "மாப்பிள்ளை, நீங்கள் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். அடுத்த மாதம் நான் போனால் அதுதான் விலை" என்று மச்சான் தடுத்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேசியதைக் கொடுத்தோம். ஆனால் அடுத்த வேலைக்குப் பேசும்போதே கூடுதலாகப் பேசுங்கள் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பாகம் வாங்க நானும் பட்டறைப் பையனோடு கடைக்குப் போனேன். நாமே தனியாக வாங்கிக்கொண்டு போய் நீட்டினால் பெரும்பாலான மெக்கானிக்குகள் பொறுப்பேற்க மாட்டார்கள். அதில் தவறும் இல்லை. பெரியவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கடையில் எனக்குக் கழிவு தருவார்கள். மேல் விலை பெட்டியில் அச்சாகியிருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்." பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய பேரிங்கின் வளையத்தில் பொறித்த எண்ணையும் புதியதில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதில் எழுத்து மங்கலாகவோ மேடுபள்ளமாகவோ இருந்தால் போலியோ என்று சந்தேகப்படுங்கள்.

கலிபோர்னியாவில் 1971இல் வந்த சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு தராமல் வண்டியில் கை வைக்கக் கூடாது; சொன்னதற்கு மேல் போவதானால் நம் சம்மதம் வேண்டும்; வேலைக்கு முன்பே கேட்டுவைத்தால் கழற்றிய பாகத்தைக் கையில் தர வேண்டும். காங்கேயத்துப் பெரியவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனால் பழைய பேரிங்கையும் பிளந்த காலரையும் செய்தித்தாளில் சுற்றி மச்சானிடம் கொடுத்தார். எல்லாப் பட்டறையிலும் இதைக் கேட்டு வாங்கலாம். பில்லையும் வாங்குங்கள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். கையில் காகிதம் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம்.

தை மாதம் வருபவர்களுக்கு ஒன்று: பொங்கல் நோம்பி வாரத்தில் லேத் பட்டறைகள் மூடியிருக்கும், பிரஸ் வேலை நடக்காது. பொங்கலுக்கு முன்பே வண்டியைக் காட்டிவிடுங்கள், அல்லது காணும் பொங்கல் கழிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பும் வரை பொறுத்திருங்கள். மச்சான் வண்டியின் வலது பேரிங்கை அடுத்த ஆயில் மாற்றும்போது பார்க்க வேண்டும் என்று பெரியவர் பில்லிலேயே எழுதியிருக்கிறார். கூட்டிய பட்டையைக் கழற்றச் சொல்லியும் எழுதியிருக்கிறார். மச்சான் இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை.