ஏஏ கூட்டம் எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியில் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தது. இன்றும் கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினர்தான். நடுவில் ஒரு தட்டு சுற்றி வரும். அது வாடகைக்கும் தேநீருக்கும். புதியவர் எதுவும் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கூட்டத்தைத் தேடும் முன் ஒரு விஷயம். தினமும் நிறையக் குடித்துவந்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சித்தம் குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிகிற நிலை வரலாம். அதில் உயிரே போகக்கூடும். இதை எந்தக் குழுவாலும் சமாளிக்க முடியாது. முதலில் மருத்துவர், நடுக்கத்துக்கான மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் அவர் தருவார். பிறகு கூட்டம்.

கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் ஏஏவின் இணையதளத்திலும் 'மீட்டிங் கைடு' செயலியிலும் பார்க்கலாம். பட்டியல் சில சமயம் பழையதாக இருக்கும். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர், நேரே எங்கே போவார் என்று சொல்லத் தேவையில்லை. உதவி எண்ணில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்ததற்கு மனைவி, அண்ணன், நண்பர் யார் வேண்டுமானாலும் கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

கூட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். சிறிய வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகச் சில நிமிடம் பேசுவார்கள். பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. பேசி முடித்த பிறகும் அறிவுரை கிடையாது. வாழ்நாள் முழுக்கத் திட்டு மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு இது பெரிய ஆறுதல். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றாலே போதும். குடித்திருந்தாலும் வரலாம், ஆனால் அன்று பேசாமல் உட்காருங்கள் என்பார்கள்.

பலர் தவறவிடுவது கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பதினைந்து நிமிடத்தை. ஆரம்பிக்கும்போது நுழைந்து, முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினால் பாதிச் சேவை கைவிட்டுப் போகிறது. நாற்காலி மடக்க உதவுங்கள். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். மூன்று, நான்கு பேரின் எண்ணை வாங்கி, மறுநாளே ஒருவரைச் சும்மா அழையுங்கள். சாதாரண நாளில் பழகாத எண்ணை, தவிப்பு வந்த நேரத்தில் விரல் அழுத்தாது. முதல் மிடறுக்கு முன் அழைக்கத்தான் அந்த எண்.

வழிகாட்டியை, அதாவது ஸ்பான்சரை, அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குறைந்தது ஒரு வருடம் குடிக்காதவர், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த 12 படிகளையும் செய்து முடித்தவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம். மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரையும் கடன் கேட்கிறவரையும் உடனே மாற்றுங்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏவே சொல்கிறது. புதிதாக வரும் பெண்களைச் சில பழைய உறுப்பினர்கள் தனியே நெருங்குவதும் உண்டு. பெண்கள் மட்டும் கூடும் குழு இருந்தால் அங்கே தொடங்குவது நல்லது.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது கடவுள் பேச்சு. 12 படிகளில் பாதியில் கடவுளோ, தன்னைவிட மேலான சக்தியோ வருகிறது. அது ஒட்டவில்லையென்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற, கடவுள் பேச்சு இல்லாத இன்னொரு உதவிக் குழு இருக்கிறது. பயிற்சி பெற்றவர் நடத்துவார், ஒருவர் பேச்சுக்கு மற்றவர் பதில் சொல்லலாம். குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம், நிறுத்தினால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று நான்கு கட்டம் போட்டு எழுத வைப்பார்கள். பலன் உள்ள பயிற்சிதான். ஆனால் கூட்டங்கள் குறைவு, நள்ளிரவில் அழைக்க ஸ்பான்சர் என்று ஒருவரும் இல்லை.

ஏஏ வேலை செய்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பார்த்தது. நோயாளிகளை ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட நன்றாகவே இருந்தது. இணைத்துவிடுவது என்பதைக் கவனியுங்கள்: கூட்டிப்போக ஒருவர், முதல் சில வாரம் போனாயா என்று கேட்க ஒருவர் வேண்டும்.

எங்கள் கணிப்பில், இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு இணை குறைவு. ஆனால் குழுவுக்குக் குழு தரம் மாறும். ஒன்றில் பழங்கதையே ஓடும், இன்னொன்றில் புதியவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்காமல், வெவ்வேறு இடத்தில் ஆறு கூட்டமாவது உட்கார்ந்து பாருங்கள். இடையில் குடித்துவிட்டால் குடிக்காத நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய், கதவருகே நிற்பவரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.