டப்புக்கும் என் விரலுக்கும் ஒத்துவரவில்லை

சார்ஜ் ஏற்றும் துளை பழுதாகி, டப் என்கிற என் டப்லட் கணினி திருத்தி வந்திருக்கிறது. கையோடு எழுதாவிட்டால் கோபம் ஆறிவிடும். மகன் கனடாவிலிருந்து அனுப்பியது, மூன்று நான்கு வருடமாகப் பாவிக்கிறேன். பத்து அங்குலத் திரை, அன்ட்ராய்ட். மற்றதையெல்லாம் கடைக்காரரே சொல்வார். எனக்கு ஒரே ஒரு வழக்குத்தான்: அதற்கு என் விரலைத் தெரிவதில்லை.

இந்தத் திரைக்கு அழுத்தம் கணக்கில்லை. விரல் பட்டதும் மின்னேற்றத்தில் வரும் சிறு மாற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும். தோலில் ஈரம் குறைந்தால் அந்த மாற்றமும் குறையும், தட்டியது விழாது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியோடு காலத்தைக் கழித்தவன் அப்போது என்ன செய்வான்? இன்னும் பலமாக, இன்னும் கொஞ்ச நேரம் அமத்துவான். அரை வினாடி அளவு கடந்தால் போதும், தட்டவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அது வேறு வேலையில் இறங்கிவிடும். வைபரில் பேத்தியின் செய்தியைத் திறக்கப் போனால் அழிக்கவா என்று கேட்கும். முகப்பில் இருந்த வைபரே விரலோடு ஒட்டிக்கொண்டு எங்கேயோ போய்விடும்.

மாரி காலத்தில் பரவாயில்லை. காய்ந்த சோளகக் காற்று வீசத் தொடங்கினால் டப்பும் நானும் பகை. விரலை நனைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். திரையில் நீர்த்துளி நின்றால் அதையும் விரலென்று நினைத்துத் தானாகவே தட்டத் தொடங்கும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், வீட்டில் ஒருவரும் டப்பைக் குறை சொன்னதில்லை. "அப்பா, மெல்லத் தட்டுங்கோ." "அப்பா திரும்பவும் என்னத்தையோ அமத்திப்போட்டார்." இருபது வயது விரலை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று திருப்பித் தருவார்கள். முதலில் கொண்டுபோன திருத்தும் கடையில் இன்னும் மோசம்: "ஐயா, டச் போயிட்டுது, டிஸ்பிளே மாத்தோணும்." கேட்ட காசுக்கு இன்னொரு டப்பில் பாதி வாங்கலாம். வேண்டாமென்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த முறை துளையைத் திருத்திய பெடியன் கெட்டிக்காரன். நான் தட்டுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மை என்ற பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கினான். இப்போது ஒன்றரை வினாடி வரை பொறுத்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த தடித்த கண்ணாடியையும் உரித்துவிட்டான். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் எத்தனை ஏச்சு மிச்சம்! வயது போனவர்களுக்குத்தான் தேவை என்று தெரிந்து செய்த வசதியை, வயது போனவர்கள் எட்டிப்பார்க்காத மூலையில் வைத்திருக்கிறார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நூலகம் இணையத்தளம் இல்லாவிட்டால் இதை எப்போதோ அலுமாரிக்குள் போட்டிருப்பேன். 2005 இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன, இலவசம். ஈழநாடு பத்திரிகையின் பழைய இதழ்களை எடுத்தால் பொழுது போவதே தெரியாது. 1981 இல் யாழ் நூலகத்தை எரித்த அந்த நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள். அந்தப் பத்திரிகையின் எழுத்தை இன்று இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, படமாளிகை விளம்பரத்தையும் மரண அறிவித்தலையும்கூட விடாமல் வாசிக்கிறேன். மூக்குக்கண்ணாடியால் முடியாத காரியம். விரிக்கும்போது மட்டும் என் விரலோடு அதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

குரலால் தமிழ் எழுதுவதும் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் சரியாக எழுதும். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் என்ன எழுதும் என்று சொல்ல முடியாது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். மவுஸோடு ஒரு பழைய கணினி வாங்குங்கள். மவுஸ் கிளிக் என்று சத்தம் போடும், விழுந்ததா இல்லையா என்று கைக்கே தெரியும். விரல் காய்ந்ததா ஈரமா என்று அது கேட்காது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே டப் அனுப்பிவிட்டார்கள் என்றால், வைபர் போடுவதற்கு முன் அந்த ஒன்றரை வினாடியை வைத்துத் தரச் சொல்லுங்கள். என்னுடையதை விற்கிறீர்களா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.